மூக்கை அளந்தார்கள், பசியை அளக்கவில்லை



நம் வரலாற்றுக்குச் சான்று எங்கே என்று கேட்கிறார்கள். கல்வெட்டில் கொடையாளியாக நம் பெயர் இல்லை. பட்டாவிலும் இல்லை. ஆனால் சேரிக் குழந்தையின் உயரமும் எடையும் பல்லும் சான்றுகள்தாம். அவற்றைப் படிக்க நாம் பழக வேண்டும்.

நம் உடலை அளக்க ஆட்சியாளர்கள் முன்பே வந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சாதி வாரியாக மண்டையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய அவரது ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. மூக்கு அகல அகலச் சாதித் தகுதி தாழும் என்றார் ரிஸ்லி. அந்தக் கணக்கு உடலைப் பிறப்போடு முடிச்சுப் போட்டது. உணவோடு முடிச்சுப் போடவில்லை.

1948இல் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அண்ணல் அம்பேத்கர் அதே வகை அளவுகளை எடுத்து வைத்தே அந்த வாதத்தை முறித்தார். பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தவர் என்றே அளவுகள் காட்டுகின்றன. தீண்டாமையின் வேரை இனத்தில் தேடுவது வீண் என்று நிறுவினார்.

அப்படியானால் உடல் ஏன் வேறுபடுகிறது? 1920களில் குன்னூர் ஆய்வகத்தில் ராபர்ட் மக்காரிசன் ஒரே வகை எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு வட்டார உணவுகளைக் கொடுத்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி தின்றவை நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவைத் தின்றவை எடை குறைந்து நோய்ப்பட்டன. பிறப்பு ஒன்று, தட்டு வேறு. கூலியாகக் குருணையும் நொய்யும் பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எலி தேவையில்லை.

பல் இன்னும் நுட்பமான ஆவணம். பால் பற்களின் எனாமல் தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்குகிறது. ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் எனாமல் பிறப்பையொட்டித் தொடங்கி மூன்று வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் கடும் பசியோ நோயோ வந்தால் அங்கே குழியும் கோடும் விழலாம். உருவான எனாமல் மறுபடி வளராது. அத்தகைய பல்லை மலிவு மிட்டாயும் பிஸ்கட்டும் எளிதில் சொத்தையாக்கும். ‘பல் விளக்கவில்லை’ என்று பிள்ளையைத் திட்டுகிறோம். தாய் கருவுற்றிருந்தபோது என்ன சாப்பிட்டாள் என்று யாரும் கேட்பதில்லை.

சோறு போட்ட வரலாறும் நம்முடையதுதான். 1920இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சி அதை மாநிலம் முழுக்க விரித்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டது. எடை தளர்ந்த குழந்தைக்குக் கூடுதல் உணவு தந்தது. தரம் பிரிப்பதற்குப் பதில் பசியாற்றுவதற்காக அளவுகோல் வந்தது.

ஆனால் அடுப்படியில் சாதி காத்திருந்தது. சமையலர் பணியில் தலித்துகளுக்கு முன்னுரிமை என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஆணையிட்டது. 2018இல் அவினாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். அவர் சமைத்த சோறு தம் பிள்ளைக்கு ஆகாது என்றவர்கள், அவர் பிள்ளை எதைச் சாப்பிடும் என்று யோசிக்கவில்லை.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25. நாடு முழுக்கப் பட்டியல் சாதிக் குழந்தைகளிடம் இது சுமார் 39, பழங்குடிக் குழந்தைகளிடம் சுமார் 41. சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் நம் பிள்ளைகள் மறைந்துபோகிறார்கள்.

ஆகவே நம் வேலை தெளிவு. ஊர் அங்கன்வாடியின் எடைப் பதிவேட்டைப் பார்ப்போம். ஊருக்கும் சேரிக்கும் தனித்தனியே கணக்குக் கேட்போம். பள்ளி மருத்துவச் சோதனையில் பல்லையும் பதியச் சொல்வோம். ஒருகாலத்தில் நம்மைத் தாழ்த்த எடுத்த அளவுகோலை இனி நாம் கையில் எடுப்போம்.

ஜெய்பீம்.