கருணையின் பதிவேடும் உரிமையின் சான்றும்



பசித்தவருக்குக் கஞ்சி ஊற்றுவதும் அவருடைய உரிமையை ஏற்பதும் ஒன்றல்ல. இந்த நினைவுநாளில் நாம் பேச வந்திருப்பது அந்த இடைவெளியின் வரலாற்றை.

சாத்தான்குளத்தைச் சுற்றித் தேரி மணலும் பனங்காடும். கடற்கரைக்கு இறங்கினால் மணப்பாடு, பெரியதாழை. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வேரூன்றிய கத்தோலிக்கம், பின்னர் உள்நாட்டு ஊர்களுக்கும் சேரிகளுக்கும் வந்தது. 1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமானது. 1962இல் இந்திய ஆயர்கள் காரித்தாஸ் இந்தியாவைத் தொடங்கினார்கள். மறைமாவட்டந்தோறும் சமூக சேவைச் சங்கங்கள் அதனோடு கைகோத்தன. தூத்துக்குடியிலும் பல்நோக்கு சமூக சேவைச் சங்கம் இயங்கிவருகிறது. 2004 ஆழிப்பேரலையின்போது நிவாரணத்தோடு இவை கடற்கரைக்கு வந்ததை நாம் அறிவோம். அந்த உழைப்பைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமல்ல.

ஆனால் கருணையின் பட்டியலில் நாம் ‘ஏழைகள்’. அரசின் பட்டியலில் நாம் யார்?

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத் தலித்துகள் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் அவர்களுக்குக் கிடைத்தது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்.

இதன் பொருளை ஒரு வழக்கு காட்டும். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். 1982இல் பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை அவருக்கு மறுக்கப்பட்டது. அதே தெரு, அதே ஊசி, அதே தோல். மதம் மட்டும் வேறு. 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்றது.

சான்று யாரிடம் இருந்தது? சேரி வீடுகளின் வாசல்வரை வந்து கூரையையும் கிணற்றையும் கூலியையும் பிள்ளைகளின் படிப்பையும் எழுதிப்போன சேவைச் சங்கங்களிடம் இருந்திருக்க வேண்டும். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் சொன்னது. நீதிமன்றம் கேட்டதற்கும் இந்தக் கொள்கை வெளிவந்ததற்கும் இடையே 31 ஆண்டுகள். ஒரு தலைமுறையின் படிப்பும் வேலையும் அதற்குள் போய்விட்டன.

2022 அக்டோபரில், மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஆணையம் அமைத்தது. கேள்வி மீண்டும் அதே கேள்விதான்: சான்று எங்கே?

எனவே நம் கோரிக்கை எளிமையானது. சேவைச் சங்கங்கள் தங்கள் பதிவேடுகளில் சாதியையும் எழுதட்டும். உதவி பெற்றோர் எத்தனை பேர் தலித்துகள், தம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வேலை பெற்றோர் எத்தனை பேர் தலித்துகள் என்று கணக்கு வெளியிடட்டும். மாணவத் தோழர்கள் அவரவர் பங்கில் போய் இதைக் கேளுங்கள். கஞ்சி ஊற்றிய கை சாட்சியும் சொல்ல வேண்டும்.