நட்டுவனார் பயிற்றிய நெறி

நாட்டியத்தைப் பற்றிப் பேசுவோர் ஆடினவர் பெயரைச் சொல்வர்; ஆட்டுவித்தவர் பெயரைச் சொல்வார் சிலரே. காண்போர் கண் ஆடுவோர் மீதே செல்லுமாதலின் இஃது இயல்பே. ஆயினும் நம் குலத்துப் பெரியோர் தட்டுமனையின் முன் அமர்ந்து பிள்ளைகளை எவ்வாறு உருவாக்கினர் என்பதை நம் இல்லத்துச் சிறாரே அறியாது போவரேல், அக்குறை நம்முடையதேயாம். ஆதலின் அதனைச் சிறிது எடுத்துரைக்க விழைகின்றோம்.

தஞ்சைச் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வரே கச்சேரி முறையை இன்றுள்ளவாறு ஒழுங்கு செய்தவர் என்பது யாவரும் அறிந்ததே. இவருள் வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ஆம் ஆண்டில் தந்தத்தாலான பிடில் அளித்துப் பாராட்டினார். இவர்தம் ஒழுங்கு சபையோர்க்கு மட்டும் அமைந்ததன்று. பயில்வோர்க்கும் அஃது ஒரு படிமுறையாகும். அலாரிப்பில் பொருள் கூறும் சாகித்தியம் இல்லை. கண், கழுத்து, தோள், கை, கால் ஆகியவை தாளத்திற்கு அடங்கி மலர்ந்தாற் போதும். ஜதிஸ்வரத்தில் இராகம் சேர்கின்றது. சப்தத்தில் சொல்லும் அபிநயமும் புகுகின்றன. வர்ணத்திலோ யாவும் ஒருங்கே வந்து நிற்கின்றன. ஒரு பாரம் பழகிய பின்னரே மறு பாரம் ஏற்றப்படும். பிள்ளையின் மனம் தளராதிருக்க இதனினும் நல்ல உபாயம் யாது?

அலாரிப்புக்கு முன்னரே அடவுப் பயிற்சி உண்டு. அரைமண்டியில் நின்று ‘தெய்யா தெய்’ என்னும் சொல்லுக்குக் கால் தட்டுவதே முதற்பாடம். ஒவ்வோர் அடவும் மூன்று காலத்தில் சுத்தமாக வருதல் வேண்டும். நட்டுவனார் நீண்ட விளக்கங்கள் கூறார். தட்டுக்கழி மனைமேல் விழும் ஓசையே அவருடைய பாஷை. கால் பிசகின் ஓசை நின்றுவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பிசகாதவிடத்துச் சொல்லில் ஓர் உற்சாகம் ஏறும். அதுவே மாணாக்கர் பெறும் வெகுமதி.

தஞ்சை நால்வர் வழித்தோன்றலாகிய கந்தப்ப பிள்ளை (1899–1941) பாலசரசுவதி அம்மையாருக்கு இளம்பிராயத்திலேயே பாடம் தொடங்கியவர். கண்டிப்பு மிக்கவர் எனப் பெயர் பெற்றவர். 1925-ஆம் ஆண்டில், ஏழாம் பிராயத்தில், அச்சிறுமியின் அரங்கேற்றம் காஞ்சீபுரத்தில் நிகழ்ந்தது. குரு மறைந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்ற பின்னர், 1975-ஆம் ஆண்டில் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை நிகழ்த்திய அம்மையார், அலாரிப்பைக் கோபுரமாகவும் வர்ணத்தைத் தெய்வ சந்நிதியாகவும் உவமித்து அக்கச்சேரி முறையின் பெருமையை விளக்கினார். குழந்தைப் பருவத்தில் உடலால் கற்ற ஒழுங்கு முதிர்ந்த பருவத்தில் ஞானமாகப் பழுத்தமைக்கு இஃதொரு சான்றன்றோ?

பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் (1869–1954) வரலாறு வேறொரு பாடம் தருவது. 1931-ஆம் ஆண்டில் சென்னைச் சங்கீத வித்வத் சபையில் ஆடிய கல்யாணி அம்மாளின் புதல்வியர் அவரிடம் பயின்றவர்களே. அவ்வாறு மரபிற் பிறந்த பெண்களைப் பயிற்றி வந்தவரிடம் 1935-ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி அம்மையார் மாணாக்கியாக வந்தார். குருவுக்கு அப்போது பிராயம் அறுபத்தாறு, மாணாக்கிக்கோ முப்பத்தொன்று. ஐந்து வயதில் வளையும் உடல் வேறு, முப்பதில் வளையும் உடல் வேறு. அவ்வாண்டின் இறுதியிலேயே அம்மையார் அடையாற்றில் மேடையேறினார். பின்னர் மிருணாளினி சாராபாய், ராம் கோபால், சாந்தா ராவ் முதலியோரும் பிள்ளையவர்களிடம் பயின்றனர். பிறந்த குலமும் பேசும் மொழியும் வேறாயினும் அவர் வித்தையை ஒளித்தாரல்லர். தகுதியுடையார்க்குக் கொடுப்பதால் வித்தை குறைவதில்லை என்பதை நாம் அவர்பால் அறிகின்றோம்.

இனி, ஒன்றை மறையாது கூறுதல் வேண்டும். பழைய முறை யாவும் குற்றமற்றதெனக் கொள்வதற்கில்லை. கழி தட்டுமனையைவிட்டுப் பிள்ளையின் மேனியில் விழுந்த இல்லங்களும் உண்டு. அதனைப் பெருமையாகப் பேசுவோரும் நம்முள் உளர். அவர்க்கு நாம் சொல்வது இது: பெரியோரின் வித்தை நிலைத்தது அடியினால் அன்று, நாள் தவறாது, காலம் பிசகாது, தாமும் பிள்ளையோடு உட்கார்ந்த பொறுமையினாலேயே. நூறு முறை பிழைத்த பிள்ளைக்கு நூற்றோராம் முறையும் சொல் கூறிய அப்பொறுமையே மெய்யான ஊக்கமாம்.

1947-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுத்தது. நம் பெண்மக்களின் மானம் காத்த அச்செயலை நாம் வாழ்த்துகின்றோம். ஆயின் வழக்கத்தோடு வித்தையும் இழிவெனக் கருதி, அதனை நாமே கைவிட்ட குடும்பங்கள் பல. பிறர் அதனை ஏந்திச் சென்று உலகெங்கும் புகழ் பெற்றனர். அவர்மீது பொறாமை வேண்டா; அவர்க்கும் கற்பித்தவர் நம் முன்னோரே. நாம் வருந்த வேண்டுவது, பாட்டனார் எழுதிய சொற்கட்டு ஏடு பெட்டியிற் கிடக்க, பேரப்பிள்ளை அதனைப் படிக்கத் தெரியாது நிற்பதற்கேயாம்.

ஆதலின் அன்பர்காள்! அத்தகைய ஏடு உள்ள இல்லத்தார் அதனைப் பிரதி செய்து வையுங்கள். சொற்கட்டு அறிந்த முதியோர் இருப்பின், நாளை என்னாது இன்றே பிள்ளைகளை அவர்முன் உட்காரச் செய்யுங்கள். பிள்ளை நாட்டியக்காரராக வேண்டும் என்பதில்லை, வைத்தியராகலாம், உத்தியோகஸ்தராகலாம். தன் பாட்டனார் எத்தகைய ஆசிரியர் என்பதை அறிந்து வளர்ந்தால், அதுவே அப்பெரியோருக்கு நாம் செலுத்தும் குருதட்சிணையாகும்.