‘பிளாக்’ கூட்டுச்சொற்கள்: நிறம் பழியான வழி

பிளாக்மெயில் என்ற சொல்லில் உள்ள மெயிலுக்கும் தபாலுக்கும் உறவில்லை. தபாலைக் குறிக்கும் மெயில், பழைய பிரெஞ்சில் பையைக் குறித்த சொல்; கடிதம் சுமந்த பையின் பெயர் கடிதத்துக்கே ஒட்டிக்கொண்டது. பிளாக்மெயிலின் மெயிலோ ஸ்காட்லாந்து வழக்கில் குத்தகை, வரி. அதன் வேர், பழைய நோர்ஸ் மொழியில் பேச்சு, உடன்பாடு என்று பொருள்படும் சொல்.

16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் மாடு கவரும் கூட்டங்கள் குடியானவர்களிடம் காவல் கூலி வாங்கின. கொடுத்தவர் மாடு தொழுவத்தில் நின்றது. கொடுக்காதவர் மாடு விடிவதற்குள் எல்லை தாண்டியது. 1601-இல் எலிசபெத் அரசியின் நாடாளுமன்றம் கம்பர்லாந்து, நார்தம்பர்லாந்து, வெஸ்ட்மர்லாந்து, டர்ஹம் பகுதிகளுக்கெனச் சட்டம் இயற்றி, வாங்கியவரோடு கொடுத்தவரையும் குற்றவாளியாக்கியது. வெள்ளிக் காசாகச் செலுத்திய குத்தகை ‘வெள்ளை’, கால்நடையாகவோ தானியமாகவோ அளந்தது ‘கறுப்பு’ என்று ஒரு விளக்கம் உண்டு. அது சரியென்றால் கறுப்பு இங்கே பழிச்சொல்லே அல்ல, செலுத்தும் முறையின் பெயர். ரகசியத்தை வெளியிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் பொருள் 19-ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. அதற்குள் குத்தகை என்ற பொருளில் மெயில் பொது ஆங்கிலத்தில் வழக்கொழிந்திருந்தது. பின்சொல்லின் பொருள் மறைந்ததும் குற்றத்தின் சுமை முழுவதும் முன்சொல்லின் தலையில் விழுந்தது என்பதே என் கணிப்பு.

பிளாக்கார்டு என்ற சொல்லும் இந்த வழியில்தான் வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அது பெரிய மாளிகைகளில் பானை சட்டி சுமந்த அடுக்களைப் பணியாட்களைக் கேலியாகச் சுட்டியது. கரிபடிந்த பாத்திரங்களுக்குக் காவலர் என்ற அந்தக் கிண்டல் மறந்துபோக, அயோக்கியன் என்ற வசை மட்டும் எஞ்சியது. கொல்லரான பிளாக்ஸ்மித் தப்பித்துக்கொண்டார். இரும்பு கறுப்பு உலோகம், தகரம் வெள்ளை உலோகம் என்ற கைவினைப் பாகுபாட்டில் பிறந்த பெயர் அது. ஸ்மித் என்ற பின்சொல் இன்னும் உயிரோடிருப்பதால் பொருள் திரியவில்லை. தமிழிலும் இரும்புக்குக் கரும்பொன் என்ற பெயருண்டு.

பிளாக் என்ற முன்சொல்லின் தொடக்கமும் தெளிவானதல்ல. பழைய ஆங்கிலத்தில் கருமையைக் குறித்த சொல்லும் வெளிறிய ஒளியைக் குறித்த சொல்லும் உயிரொலியில்தான் வேறுபட்டன. சில வடிவங்களில் ஏடுகளில் எழுத்தும் ஒன்றே. இரண்டுக்கும் எரிதலைக் குறிக்கும் ஒரே வேர் என்பர். எரியும்போது ஒளி, எரிந்தபின் கரி.

இத்தகைய ‘பிளாக்’ சொற்களைத் தமிழாக்கியவர்கள் ஒரே சூத்திரத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துப் பலகைக்கு நிறமே போதுமானது: கரும்பலகை. சந்தைக்கு நிறத்தை விட்டுக் குற்றத்தை எடுத்தார்கள்: கள்ளச்சந்தை. பணத்துக்குக் கறுப்பே ஒட்டிக்கொண்டது: கறுப்புப் பணம். விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கும் அப்படியே, அது உண்மையில் ஆரஞ்சு நிறம் என்றாலும். விபத்துக்குப் பின் சிதைவுகளுக்கிடையே கண்ணில் பட வேண்டுமே!

இவற்றில் ‘பிளாக் ஹோல்’ தனி வழக்கு. வானியலுக்கு வருமுன் அது படைவீரர்களை அடைக்கும் சிறைக் கொட்டடியின் பெயர்; 1756-இல் கைதிகள் பலர் மாண்ட கல்கத்தா கோட்டையின் கொட்டடியால் பேர்பெற்றது. 1967-க்குப் பின் இயற்பியலாளர் ஜான் வீலர் அதை விண்ணுக்குரிய சொல்லாகப் பரப்பினார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். நம் வரலாற்றுப் பாடத்தில் அது இருட்டறை, அறிவியல் பாடத்தில் கருந்துளை.