பட்டன் இல்லாத காஜா

வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, டில்லியில் நாற்பது ஆண்டுகளாகச் சூட்டிங் துணி விற்பவன் நான். கோட்டுத் துணியை அளந்து கிழித்துக் கொடுத்தவனே தவிர, அதன் வரலாற்றைக் கல்லூரியில் கற்றவன் அல்லன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

என் பேரன் வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட கையோடு ஒரு கறுப்புக் கோட்டு வாங்கி வந்தான். வந்தவன், "தாத்தா, ஏமாத்திட்டாங்க! இடப்பக்க லேப்பல்ல காஜா இருக்கு, எதிர்ப்பக்கம் பட்டனே இல்லே" என்றான். லேப்பல் என்பது மார்பின் இருபுறமும், காலருக்குக் கீழே வெளிப்பக்கம் மடிந்து கிடக்கும் பட்டை. நான் கோட்டை அவனுக்கு மாட்டி, காலரைத் தூக்கி, மடிப்பைப் பிரித்துக் குறுக்கே இழுத்தேன். காஜா நேரே தொண்டைக்கு வந்து நின்றது. ஆக, மடிப்பு என்பது அலங்காரத்துக்காகப் பிறந்ததன்று. மூடியிருந்த கோட்டின் திறந்த கதவு அது!

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பட்டாளத்தைப் பார்த்தால் இது விளங்கும். சிப்பாயின் கோட்டு மார்பின் குறுக்கே இழுத்து மூடக்கூடியது. குளிர் இல்லாதபோது இரு பக்கத்தையும் பின்னுக்கு மடித்துப் பட்டனில் மாட்டிவிடுவார்கள். மடித்தால் உள்துணி வெளியே தெரியுமல்லவா? அதற்குப் படைப்பிரிவுக்கொரு நிறம் வைத்தார்கள். இங்கிலாந்தின் 3ஆவது காலாட்படைக்கு 'பஃப்ஸ்' என்ற பெயர் வந்ததே அந்த மங்கிய மஞ்சள் நிறத்தால்தான். கம்பெனியாரின் சென்னைச் சிப்பாய்களும் சிவப்புக் கோட்டும் நிற முகப்புமாக நின்றவர்களே. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் குதிரையேறும் கனவான்களின் கோட்டிலும் மடிப்பு நிலைத்துவிட்டது. பின்னால் வந்த அகல மடிப்பு, கூர் மடிப்பெல்லாம் மோஸ்தர், அதை விடுங்கள்.

காஜா மட்டும் தங்கிவிட்டது. அதில் பூச் செருகினார்கள். (நேருவின் அச்கனில் லேப்பல் ஏது? அவருடைய ரோஜா முன்பக்கக் காஜாவிலேயே இடம் பிடித்தது.) மலிவான ரெடிமேடுகளில் நூலைச் சுற்றிக் காஜா போலக் காட்டிவிட்டு, துணியை வெட்டாமலே விட்டுவிடுகிறார்கள். உள்ளே குதிரைமயிர்க் கேன்வாஸ் வைத்துக் கையால் தைத்தால் மடிப்பு உருண்டு விழும். பசைத்துணி ஒட்டி இஸ்திரி போட்டால் அப்பளம் மாதிரி படுத்துவிடும். துணி எவ்வளவு உசத்தியானாலும் சரி, விரலால் தொட்டாலே வித்தியாசம் தெரிந்துபோகும்.

நம் கூட்டங்களில் சிலர், "கழுத்து மூடிய கோட்டுதான் நம்முடையது, திறந்தது வெள்ளைக்காரனுடையது" என்று வாதிடுவார்கள். நான் இதை ஒப்பவில்லை. அவனுடையதும் மூடிய கோட்டாகத்தானே இருந்தது? ஆண் வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதியைப் பாருங்கள்: கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு, சப்கன், அச்கன், ஷெர்வானி ஒரு வகை, மார்பு திறந்த கறுப்புக் கோட்டு இன்னொரு வகை. எதைப் போட்டாலும் செல்லும்.

பேரன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு டெய்லர் மாஸ்டரிடம் போனான். வலப்பக்க லேப்பலுக்கு அடியில், வெளியே தெரியாதபடி ஒரு சிறு பட்டன் வைத்துத் தைத்து வாங்கி வந்தான். ஜனவரிப் பனியில் ஸ்கூட்டரில் போகும்போது காலரைத் தூக்கி அதை மாட்டிக்கொள்கிறான். கோர்ட்டு வாசலில் கழற்றி மடித்துவிடுகிறான்.