பழைய பிளாக், புதிய கிராங்க்

கோவையில் நான் வைத்திருந்த 1.3 லிட்டர் காருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் சின்ன ஆட்டோகிராஸ் போட்டிகளில் அதை ஓட்டவேண்டும் என்று ஆசை. இன்ஜினை இறக்கி முழுவேலை பார்க்க அறுபதாயிரம் ரூபாய் ஒதுக்கினேன். வீட்டுக்கடன் தவணை போக மிஞ்சியது அவ்வளவுதான். வேகத்துக்கான கேம்ஷாஃப்ட் வாங்கினேன். பளபளக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வாங்கினேன். ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். ஆயில் பம்ப் "நல்லாத்தானே இருக்கு" என்று பழையதையே மாட்டச் சொன்னேன். கிராங்கை கிரைண்டிங்குக்குக் கொடுக்காமல் பாலிஷோடு நிறுத்திக்கொண்டேன். எழுநூறு கிலோமீட்டர் தாண்டியதும் பாலக்காடு சாலையில் ஆயில் விளக்கு மினுக்கியது. நான் ஓரங்கட்டுவதற்குள் இன்ஜினின் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வந்துவிட்டது. பிக் எண்ட் பேரிங் போய்விட்டிருந்தது.

பிரித்துப் பார்த்த பட்டறைக்காரர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, கண்ணுக்குத் தெரியற எடத்துல செலவு பண்ணிப்போட்டு, தெரியாத எடத்துல மிச்சம் புடிச்சிருக்கீங்க" என்றார், அவ்வளவுதான்.

அந்த ஒரு வரி பல மாதங்கள் என்னை விடவில்லை. காசில்லாமல் வேகமான இன்ஜின் கட்டியவர்கள் எங்கே மிச்சம் பிடித்தார்கள், எங்கே பிடிக்கவில்லை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் 1966-க்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தின் விதி மாறியது. அதுவரை இன்ஜினின் கொள்ளளவு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக்கூடாது. இனி மூன்று லிட்டர்வரை போகலாம். மாற்றம் வருவது 1963-இன் இறுதியிலேயே தெரியும். ஆனாலும் பல அணிகள் திண்டாடின. இங்கிலாந்தின் சிறிய அணிகளுக்கு இன்ஜின் விற்றுவந்த கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் இந்தத் தொழிலே வேண்டாம் என்று விலகிக்கொண்டது. ஃபெராரியிடம் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. பி.ஆர்.எம். அணி, படுக்கைவசமான இரண்டு எட்டு சிலிண்டர் இன்ஜின்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பதினாறு சிலிண்டர் பூதம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது.

ஜாக் பிராபம் இரண்டு முறை உலகச் சாம்பியன். 1959-இலும் 1960-இலும் கூப்பர் அணிக்காகப் பட்டம் வென்றவர். சிட்னியில் காய்கறிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, ஆஸ்திரேலிய விமானப்படையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். வடிவமைப்பாளர் ரான் டாரனாக்குடன் சேர்ந்து சொந்த அணியைத் தொடங்கியிருந்தார். அணி இருந்தது, கார் இருந்தது, இன்ஜின் இல்லை. புதிதாக ஒன்றை வார்க்கவும் கடையவும் ஆகும் பணம் அவரிடம் இல்லை.

அவர் போய் நின்ற இடம் மெல்போர்னின் ரெப்கோ. பந்தயத்துக்குப் பேர்போன நிறுவனம் அல்ல அது. உதிரிபாகம் செய்து விற்கும் நிறுவனம். 'ரீப்ளேஸ்மென்ட் பார்ட்ஸ்' என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயரே. ஆஸ்திரேலியாவில் ஓடிய கிளைமாக்ஸ் பந்தய இன்ஜின்களைப் பழுதுபார்த்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றவர் பில் இர்விங். வின்சென்ட் மோட்டார் சைக்கிள்களின் புகழ்பெற்ற இன்ஜின்களில் அவருடைய கை உண்டு.

பிளாக்கை இவர்கள் தேடி எடுத்தது, அமெரிக்காவில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு பொருளிலிருந்து. ஜெனரல் மோட்டார்ஸ் 1961 முதல் 1963 வரை அலுமினியத்தில் ஒரு மூன்றரை லிட்டர் வி8 இன்ஜின் செய்தது. வார்ப்பில் கழிவு அதிகம்; இரும்பில் மெல்லிய சுவரோடு வார்க்கும் முறை மலிவாக வந்துவிட்டது. அதனால் கைவிட்டார்கள். (பின்னாளில் ரோவர் நிறுவனம் அதன் உரிமையை வாங்கிப் பல பத்தாண்டுகள் ஓட்டியது வேறு கதை.) அந்த இன்ஜினை பியூயிக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் கொஞ்சம் வேறுவேறாகச் செய்தன. பியூயிக்கில் ஒரு சிலிண்டரைச் சுற்றி ஹெட்டை இறுக்கிப் பிடிக்க ஐந்து போல்ட்டுகள். ஓல்ட்ஸ்மொபீலில் ஆறு. இவர்கள் ஆறு போல்ட் பிளாக்கையே எடுத்துக்கொண்டார்கள். பந்தயத்தில் ஹெட் கேஸ்கட் போனால் எல்லாம் போச்சு. அந்த ஒரு போல்ட், காசு கொடுக்காமல் கிடைத்த பலம்.

அடுத்தது கணக்கு. ஓல்ட்ஸ்மொபீல் பிளாக்கின் போர் 88.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 71.1. போரை அப்படியே விட்டுவிட்டு, ஸ்ட்ரோக்கை 60.3 ஆகக் குறைத்தார்கள். கொள்ளளவு 2,994 சி.சி., விதிக்கு ஆறு சி.சி. குறைவு. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் குறைந்ததால் இன்ஜினைக் கூடுதல் வேகத்தில் சுழற்றவும் முடிந்தது. பழைய கேம்ஷாஃப்ட் இருந்த துளையைக்கூட வீணாக்கவில்லை. அதில் ஒரு தண்டைப் போட்டுத் துணைச் சாதனங்களை ஓட்டினார்கள். மேலே புதிய ஹெட்டுகள்: ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு இரண்டே வால்வு, ஓட்டுவதற்குச் செயின். ஃபெராரியின் ஹெட்டோடு ஒப்பிட்டால் டிராக்டர் வேலை.

மிச்சம் பிடித்தது இதுவரைதான். இனி செலவு. தெருவில் ஓடும் காருக்காகச் செய்த பிளாக், பந்தயச் சுமையில் முறுக்கிக்கொள்ளும். அதனால் அதன் அடியில் கனமான எஃகுத் தகடு ஒன்றைப் பூட்டி விறைப்பாக்கினார்கள். கிராங்க் ஷாஃப்ட்டை இங்கிலாந்தின் லேஸ்டால் நிறுவனத்தில் தனியாகச் செய்து வாங்கினார்கள். நான்கு முழங்கைகளும் ஒரே தளத்தில் அமைந்த கிராங்க் அது. வி8 இன்ஜினின் ஒவ்வொரு பக்கமும் தனி நான்கு சிலிண்டர் இன்ஜின் போல நடந்துகொள்ளும்; எக்ஸாஸ்ட் குழாய்களைப் பின்னிப் பிணைக்க வேண்டியதில்லை. காரில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வேடிக்கை பார்ப்பவனுக்கும் ஒருநாளும் தெரியாத இடங்கள் இவை. இதைப் படித்தபோது எனக்குக் காது சுட்டது.

1965 மார்ச்சில் அந்த இன்ஜினின் இரண்டரை லிட்டர் வடிவம் முதன்முதலாக உறுமியது. மூன்று லிட்டர் வடிவம் கொடுத்தது ஏறத்தாழ 300 குதிரைத்திறன்; ஃபெராரி தன் இன்ஜினுக்குச் சொல்லிக்கொண்டது 360-ஐ ஒட்டி. ஆனால் ரெப்கோ இன்ஜின் எடை குறைவு, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். ஆகவே போட்டி தொடங்கும்போது சுமக்க வேண்டிய எரிபொருளும் குறைவு. அதைப் பொருத்திய காரும் புதிதல்ல. ஒருநாளும் பந்தயத்தில் ஓடாமலே போன கிளைமாக்ஸின் பதினாறு சிலிண்டர் இன்ஜினுக்காகக் கட்டிச் சும்மா கிடந்த சட்டகம் அது. பிராபம் அதைச் செல்லமாக 'பழைய ஆணி' என்றுதான் அழைத்தார்.

1966 ஜூலை 3, பிரான்சின் ரைம்ஸ். தன் பெயரையே தாங்கிய காரில் உலகச் சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றை வென்ற முதல் ஓட்டுநரானார் பிராபம். அடுத்து பிராண்ட்ஸ் ஹாட்ச், ஸாண்ட்வோர்ட், நூர்பர்க்ரிங் என்று தொடர்ந்து நான்கு வெற்றிகள். ஏப்ரலில்தான் அவருக்கு நாற்பது முடிந்திருந்தது. கிழவன் கிழவன் என்று பத்திரிகைகள் எழுதியதற்குப் பதிலாக, ஸாண்ட்வோர்ட்டில் ஒட்டுத்தாடியோடு, ஜாக்கி லீவரைக் கைத்தடியாக ஊன்றித் தள்ளாடி நடந்து காருக்குப் போனார். பிறகு ஏறி உட்கார்ந்து ஜெயித்தார். மூன்றாவது பட்டம் அவருக்கு.

அதிர்ஷ்டமும் இருந்தது, மறைக்கவேண்டியதில்லை. ரைம்ஸில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஃபெராரியின் பாந்தினிக்குத் த்ராட்டில் கேபிள் அறுந்தது. பிரிட்டிஷ் போட்டிக்கு ஃபெராரி வரவே இல்லை. அவர்களுடைய முதன்மை ஓட்டுநர் சர்டீஸ் பாதியில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியிருந்தார். பி.ஆர்.எம்.மின் பதினாறு சிலிண்டர் பூதம் அதன் மொத்த வாழ்நாளில் வென்றது ஒரே ஒரு போட்டி. ஆனால் மற்றவன் நின்றுபோகும்போது நாம் ஓடிக்கொண்டிருந்தால்தான் அதிர்ஷ்டம் நம் பக்கம் வரும். அந்த ஓட்டத்தை வாங்கிக் கொடுத்தவை கிராங்க்கும், அடித்தகடும், அந்த ஆறாவது போல்ட்டும்.

அடுத்த ஆண்டு இது இன்னும் தெளிவானது. 1967-இல் ஃபோர்டு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து உருவாக்கிய காஸ்வொர்த் இன்ஜின் வந்தது. அதை ஓட்டிய ஜிம் கிளார்க் அந்த ஆண்டு நான்கு போட்டிகளை வென்றார். பிராபம் அணியின் டென்னி ஹல்ம் வென்றது இரண்டுதான். பட்டம் ஹல்முக்கு. ரெப்கோ ஓடி முடித்துக்கொண்டே இருந்தது.

முடிவு சோகமானது. பலம் போதவில்லை என்ற பதற்றத்தில் 1968-இல் ரெப்கோவும் சிலிண்டருக்கு நான்கு வால்வு, பக்கத்துக்கு இரண்டு கேம்ஷாஃப்ட் என்று இறங்கியது. காகிதத்தில் அழகான இன்ஜின். களத்தில் பெரும்பாலும் பாதியிலேயே நின்றது. ஆண்டு முடிவில் ரெப்கோ விலகியது. அடுத்த ஆண்டு பிராபமே காஸ்வொர்த் வாங்கிப் பொருத்திக்கொண்டார். அவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. எளிய இன்ஜினால் காஸ்வொர்த்தை இன்னொரு வருடம் சமாளித்திருக்கவும் முடியாது. சிக்கனம் வென்றது ஒரு ஜன்னல் திறந்திருந்த இரண்டு வருடங்கள்தான். அது மூடியபோது பணம் ஜெயித்தது.

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்கக்கூடாது. பிறர் எழுதி வைத்ததை எடுத்துக் கோத்துத்தான் நாங்களும் வேலை செய்கிறோம். எதை இரவல் வாங்கலாம், எதை நாமே உட்கார்ந்து எழுதவேண்டும் என்பதில்தான் எங்கள் திறமையே இருக்கிறது. ஆனாலும் திரையில் தெரிகிற பக்கத்துக்கே முதலில் நேரம் ஒதுக்குவோம். ஆயில் பம்ப் நினைவுக்கு வருவதில்லை.

என் காரை மறுபடி பிரித்தோம். வேகக் கேம்ஷாஃப்ட்டையும் பளபளப்பு மேனிஃபோல்டையும் பாதி விலைக்கு விற்றேன். அந்தப் பணத்தில் கிராங்க் கிரைண்டிங், புதுப் பேரிங், புது ஆயில் பம்ப். கார் முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. ஸாண்ட்வோர்ட் கதையைப் பட்டறைக்காரரிடம் சொன்னேன். ஒட்டுத்தாடி இடத்தில் சிரித்துவிட்டு, கையைத் துடைத்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்:

"அந்த அடித்தகடு எத்தன கனமுங்க?"