ஆளவந்தார் கொலை வழக்கு

ஆளவந்தார் கொலை வழக்கு என்பது 1952ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த ஒரு கொலை தொடர்பாக நடைபெற்ற குற்றவியல் வழக்காகும். கொலை பெருநகரில் நிகழ, உடல் தொலைவிலுள்ள மானாமதுரை என்னும் சிற்றூரில் கண்டெடுக்கப்பட்டதாலும், தடயவியல் சான்றுகளாலும் இவ்வழக்கு புகழ்பெற்றது.

பின்னணி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத்தில் பணியாற்றிய ஆளவந்தார், பின்னர் சென்னை பாரிமுனையில் ஒரு பேனாக் கடையின் முகப்பில் ஞெகிழிப் பொருட்களை விற்று வந்தார். 1952 ஆகத்து 28 அன்று அவர் காணாமல் போனார். அவர் வீடு திரும்பாததால் தேடல் தொடங்கியது.

மானாமதுரையில் கிடைத்த பெட்டி

மறுநாள் தனுசுக்கோடி நோக்கிச் சென்ற தொடருந்தில் துர்நாற்றம் வீசுவதாகப் பயணிகள் முறையிட்டனர். மானாமதுரை நிலையத்தில் காவலர்கள் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அதில் தலையற்ற ஆண் உடல் இருந்தது. அவ்வூர்க் காவலர்களுக்குப் பெயரோ, கொலை நிகழ்ந்த இடமோ தெரியவில்லை. அங்கு நடந்த முதல் பரிசோதனையில் இறந்தவரின் வயதும் உண்மையை விடக் குறைவாக மதிப்பிடப்பட்டது. சில நாட்களில் சென்னை இராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது.

அடையாளம் காணல்

உடல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவரப்பட்டது. தடயவியல் மருத்துவர் சி. பி. கோபாலகிருட்டிணன் தலையும் உடலும் ஒருவருடையவையே என நிறுவினார். கைரேகைகள் இராணுவப் பதிவேட்டில் இருந்த ஆளவந்தாரின் ரேகைகளுடன் பொருந்தின. அவரது மனைவியும் உடலை அடையாளம் காட்டினார்.

வழக்கும் தீர்ப்பும்

இராயபுரத்தில் வசித்த பிரபாகர மேனன், அவர் மனைவி தேவகி ஆகியோர் பம்பாயில் கைது செய்யப்பட்டனர். நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர் முன்னிலையில் ஜூரிகளுடன் விசாரணை நடைபெற்றது. 1953 ஆகத்து 13 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பில் பிரபாகர மேனனுக்கு 7 ஆண்டுகளும், தேவகிக்கு 3 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

எல்லை வரம்பு

குற்றம் எங்கு நிகழ்ந்ததோ அப்பகுதி நீதிமன்றமே பொதுவாக விசாரிக்க வேண்டும் என்பது 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 177ஆம் பிரிவாகும். எனவே உடல் மானாமதுரையில் கிடைத்தபோதும் வழக்கு சென்னையில் நடந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா சட்டத்திலும் இவ்விதி 197ஆம் பிரிவாகத் தொடர்கிறது. குற்றம் எங்கு நிகழ்ந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்யலாம் என அதன் 173ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே கூத்தாநல்லூர் போன்ற சிற்றூர்க் காவல் நிலையத்திலும், சென்னையில் நிகழ்ந்த குற்றம் குறித்துப் புகார் அளிக்க இயலும்.