மூன்று தீவுகளும் ஒரு முதிய தூதரும்



உங்கள் பிள்ளைகளின் பள்ளி வரைபடப் புத்தகத்தை எடுத்து, தென் அமெரிக்காவின் அடிமுனைக்கு விரலைக் கொண்டுபோங்கள். கண்டம் கூராகத் தேய்ந்து, சிதறிய தீவுகளாக முடிகிற இடத்தில் பீகிள் கால்வாய் என்னும் குறுகிய கடல்வழி கிழக்கு மேற்காக ஓடுகிறது. சார்லஸ் டார்வினை ஏற்றிச் சென்ற கப்பலின் பெயரையே அதற்கு இட்டிருக்கிறார்கள். அதன் கிழக்கு வாயிலில் பிக்டன், லென்னாக்ஸ், நுவேவா என்ற மூன்று தீவுகள் கிடக்கின்றன. குளிர்காற்று ஓயாமல் வீசும், மனிதர் மிக அரிதாகவே வாழும் இடம். இந்தத் தீவுகளுக்காக, 1978ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் வாரத்தில், அர்ஜென்டினாவும் சிலியும் ஒன்றையொன்று தாக்க ஆயத்தமாய் நின்றன.

இத்தனை சிறிய நிலத்துக்காகவா என்று நீங்கள் கேட்பீர்கள். வழக்கு நிலத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், அதன் வேர் கடலில் இருந்தது. தீவு எவருடையதோ, அதைச் சூழ்ந்த கடலின்மேலும் அவர் உரிமை கோரலாம். அங்குள்ள மீன்வளத்தையும், கடலடியில் எண்ணெய் கிடைக்குமானால் அதையும் கோரலாம். அண்டார்க்டிகாவைப் பற்றிய கோரிக்கைக்கும் அது வலு சேர்க்கும். அட்லாண்டிக் கடல் தன்னுடையது, பசிபிக் கடல் சிலியினுடையது என்பது அர்ஜென்டினாவின் நெடுநாளைய நிலைப்பாடு. 1881ஆம் ஆண்டின் எல்லை உடன்படிக்கை, பீகிள் கால்வாய்க்குத் தெற்கேயுள்ள தீவுகள் சிலிக்கு என்று கூறியது. ஆனால் அந்தக் கால்வாய் கிழக்கே எந்த வழியாகக் கடலில் சேர்கிறது என்பதில் இரு தேசங்களும் ஒத்துப்போகவில்லை. 1958இல் ஸ்னைப் என்ற சிறு திட்டில் சிலி ஒரு விளக்குக் கம்பத்தை நாட்டியது. அர்ஜென்டினக் கடற்படை அதைத் தகர்த்தது. கப்பல்களுக்கு வழிகாட்ட வைத்த விளக்கு, இரண்டு அரசாங்கங்களின் மானப் பிரச்சினையாயிற்று.

இவர்கள் ஒரே ஸ்பானிய மொழியைப் பேசுகிறவர்கள். ஒரே விசுவாசத்தை அறிக்கையிடுகிறவர்கள். இதற்குமுன் ஒருமுறை ஆந்தீஸ் மலை எல்லைக்காகப் போரின் விளிம்புவரை சென்று திரும்பியவர்களும்கூட. அந்த வழக்கை 1902இல் பிரிட்டிஷ் அரசர் ஏழாம் எட்வர்டின் தீர்ப்பு முடித்துவைத்தது. அதற்கு நன்றியாக, 1904 மார்ச் 13 அன்று, ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில், இரு நாட்டு எல்லையிலுள்ள மலைக்கணவாயில் மீட்பராகிய கிறிஸ்துவின் வெண்கலச் சிலையை நிறுவினார்கள். பீரங்கிகளை உருக்கிய உலோகத்தால் அது வார்க்கப்பட்டதாகச் சொல்வார்கள். பிற்பாடு அதன் அடியில் வைத்த பலகை, கிறிஸ்துவின் பாதத்தில் ஆணையிட்ட சமாதானத்தை இந்த மக்கள் முறிப்பதற்கு முன்னே இந்த மலைகளே இடிந்து விழும் என்ற பொருளில் பேசுகிறது. 1978இல் மலைகள் நின்ற இடத்திலேயே நின்றன. எல்லை நெடுகிலும் படைகள் குவிந்தன. ஆலயங்களில் நாம் வைக்கும் கல்வெட்டுகளையும் சற்று நிதானித்து எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நீதிமன்றத்தை நாடாமல் அவர்கள் சண்டைக்குப் போகவில்லை. 1971இல் இரு நாடுகளும் இசைந்து, பன்னாட்டு நீதிமன்றத்தைச் சேர்ந்த ஐந்து நீதிபதிகள் விசாரிக்கும்படி வழக்கை ஒப்படைத்தன. 1977 மே மாதம் தீர்ப்பு வெளியாயிற்று: மூன்று தீவுகளும் சிலிக்கு. 1978 ஜனவரியில் அர்ஜென்டினா அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தது. சட்டம் பேசி முடித்துவிட்டது, மனங்களோ அசையவில்லை. நேரடிப் பேச்சுகள் மாதக்கணக்கில் நடந்து முறிந்தன. டிசம்பர் 12 அன்று இரு வெளியுறவு அமைச்சர்கள் புவனோஸ் ஐரஸில் கூடி, போப்பை மத்தியஸ்தராக ஏற்கலாம் என்று இசைந்தார்கள். அர்ஜென்டினத் தளபதிகளின் குழு தன் அமைச்சரின் சொல்லையே தள்ளிவிட்டது. தீவுகளைக் கைப்பற்றும் படையெடுப்புக்கு டிசம்பர் 22 என்று நாள் குறிக்கப்பட்டது. தெற்கே கடலில் புயல் மூண்டு கப்பல்களை அலைக்கழித்தது.

இரண்டாம் ஜான் பால் போப்பாகி அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அவருக்கு முன்னிருந்த முதலாம் ஜான் பால் 33 நாட்களே அந்தப் பொறுப்பில் இருந்தவர். அந்தச் சில நாட்களுக்குள்ளும் இவ்விரு தேசங்களின் பேராயர்களுக்குச் சமாதானத்தை வேண்டிக் கடிதம் எழுதியிருந்தார். இப்போது புதிய போப், தம்முடைய தனிப்பட்ட தூதர் ஒருவரை அனுப்புவதாக இரு அரசுகளுக்கும் தெரிவித்தார். படையெடுப்பு நிறுத்தப்பட்டது.

நாம் ரோமச் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். போப்பின் அதிகாரத்தைப் பற்றி நமக்கு வேறு போதனை உண்டு. ஆயினும் தேவன் தம்முடைய வேலைக்கு யாரை எழுப்பினார் என்று பார்க்கும்போது, நம் வேலிகளை எண்ணித் தயங்கவேண்டியதில்லை.

அனுப்பப்பட்டவர் கர்தினால் அந்தோனியோ சமொரே. அவருக்கு வயது 73. ஒரு காலத்தில் கொலம்பியாவில் போப்பின் பிரதிநிதியாக இருந்தவர். அப்போதோ வத்திக்கானின் நூலகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் கவனித்துவந்தவர். பழைய ஏடுகளுக்கு நடுவே அமைதியாக முடியவேண்டிய முதுமை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவர் புவனோஸ் ஐரஸில் இறங்கினார். அங்கிருந்து சிலியின் தலைநகரான சாந்தியாகோவுக்கு, மறுபடியும் புவனோஸ் ஐரஸுக்கு என்று ஆந்தீஸ் மலையைத் திரும்பத் திரும்பக் கடந்தார். சுரங்கப் பாதையின் முடிவில் ஒரு சிறு வெளிச்சம் தெரிகிறது என்ற பொருளில் அவர் செய்தியாளர்களிடம் சொன்னதை அந்நாடுகளில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். எவ்வளவு சிறியது என்று அவரும் மறைக்கவில்லை.

அவர் முதலில் செய்ததைக் கவனியுங்கள். தீவுகள் யாருக்கு என்ற கேள்வியை அவர் அந்த நாட்களில் தீர்க்க முயலவில்லை. நானூறு பேரோடு பட்டயம் கட்டி வந்த தாவீதை, அபிகாயில் மலையின் மறைவில் எதிர்கொண்டதை நினைத்துப்பாருங்கள். அப்பங்களையும் அத்திப்பழ அடைகளையும் முன்னே அனுப்பிவிட்டு, அன்றைய இரவின் இரத்தப்பழியை அவள் தடுத்தாள். நாபாலின் கணக்கு பிறகு தீர்ந்தது. சமொரேயும் அதே வரிசையைத்தான் பிடித்தார். 1979 ஜனவரி 8 அன்று, உருகுவேயின் தலைநகரான மொந்தேவீடியோவில் இரு வெளியுறவு அமைச்சர்களும் கையெழுத்திட்டார்கள்: போப்பின் மத்தியஸ்தத்தை வேண்டுகிறோம்; பலத்தைப் பயன்படுத்தமாட்டோம்; படைகளைப் படிப்படியாக 1977 தொடக்கத்தில் இருந்த நிலைக்குத் திருப்புவோம். தீவுகளைப் பற்றி ஒரு முடிவும் அதில் இல்லை.

இங்கே என் மனதை உறுத்துகிற ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. சமொரே எதிரே அமர்ந்தவர்கள் யார்? அர்ஜென்டினாவில் ஜெனரல் விதேலாவின் ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் இரவோடு இரவாகக் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போனார்கள்; மனித உரிமை அமைப்புகள் அத்தொகையை 30,000 என்கின்றன. சிலியில் ஜெனரல் பினோசே தம்முடைய மக்களையே சித்திரவதைக் கூடங்களில் அடைத்திருந்தார். தங்கள் குடிகளின் இரத்தத்தைச் சிந்திய கைகளை ஒரு தேவ ஊழியர் பற்றிக் குலுக்கலாமா? பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மார் அந்தப் புகைப்படங்களைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள்? எனக்கு இதற்கு எளிதான பதில் இல்லை. எல்லையில் நின்ற சிப்பாய்களில் பலர் கட்டாய ராணுவ சேவைக்கு இழுக்கப்பட்ட பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்காக அந்தக் கைகளைப் பற்றத்தான் வேண்டியிருந்தது. அதனால் அந்தக் கைகள் சுத்தமாகிவிடவில்லை.

பிறகு வந்தவை நீண்ட, வறண்ட ஆண்டுகள். 1979 மே மாதம் வத்திக்கானில் பேச்சு தொடங்கியது. இரு தரப்பையும் தனித்தனியே அழைத்துக் கேட்பது, ஒத்துப்போகும் சிறு காரியங்களை முதலில் எழுதிவைப்பது என்று சமொரே நடந்தார். 1980 டிசம்பரில் போப் தம்முடைய யோசனையை இருவரிடமும் கொடுத்தார்: தீவுகள் சிலிக்கு, சூழ்ந்த கடலின் பெரும்பகுதியில் இருவருக்கும் பங்கு. சிலி ஏற்றுக்கொண்டது. அர்ஜென்டினா ஏற்கவில்லை. 1981இல் உளவு பார்த்ததாக இரு பக்கமும் சிலர் கைதாக, அர்ஜென்டினா எல்லையையே மூடிவிட்டது. மறு ஆண்டு அதே தளபதிகளின் ஆட்சி ஃபாக்லாந்து தீவுகளுக்குள் இறங்கியது. அங்கேயும் தூதர்கள் பறந்தார்கள், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக் லண்டனுக்கும் புவனோஸ் ஐரஸுக்கும் இடையே அலைந்தார், பலிக்கவில்லை. 649 அர்ஜென்டினரும் 255 பிரிட்டிஷ் வீரரும் மாண்டார்கள். 1978இல் தப்பிய தேசம் எதிலிருந்து தப்பியது என்பதை அறிய விரும்பினால் இந்த எண்களைப் பாருங்கள்.

1983 பிப்ரவரி 3 அன்று சமொரே ரோமாபுரியில் இறந்தார். அந்த நாளில் அவர் கையில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஒரு தரப்பு ஏற்காத ஒரு யோசனை மட்டுமே இருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்தபோது, கிணற்றுப் பங்கில் பகைத்துக்கொண்ட இரண்டு சகோதரரிடம் மூன்று முறை போனேன். முதல்முறை மூத்தவர் காபி கொடுத்தார். இரண்டாம் முறை இளையவர், "ஐயா, நீங்க ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போங்க" என்றார். மூன்றாம் முறை இருவருமே வீட்டில் இல்லை என்று சொல்லியனுப்பினார்கள். நான்காம் முறை நான் போகவில்லை. எனக்கு வேறு வேலைகள் இருந்தன என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வெட்கமாயிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து மூத்தவரின் அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். இளையவர் தெருமுனை வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டார். சமொரேயின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் அந்தத் தெருமுனை எனக்கு நினைவுக்கு வருகிறது.

அவர் விட்டுச்சென்ற வேலை நிற்கவில்லை. வத்திக்கானின் செயலரான கர்தினால் அகோஸ்தீனோ கசரோலி அதைத் தொடர்ந்தார். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி வீழ்ந்து, 1983 டிசம்பரில் ரவுல் அல்ஃபோன்சின் பதவியேற்றார். ஒப்பந்தத்தை ஏற்கலாமா என்று அவர் மக்களையே கேட்டார். 1984 நவம்பர் 25 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். நான்கு நாட்கள் கழித்து வத்திக்கானில் சமாதான நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தீவுகள் சிலிக்கே உறுதியாயின. அட்லாண்டிக் பக்கத்துக் கடல் எல்லையில் அர்ஜென்டினாவின் கவலைக்கு இடம் கொடுக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் அர்ஜென்டின செனட் அதை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேற்றியது. ஐந்தில் நான்கு பேர் ஆம் என்று சொன்ன பிறகும் ஒரு வாக்கு! அந்த மேலவையில் அன்று எத்தனை இதயங்கள் படபடத்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

1994இல் லகுனா தெல் தெசியெர்தோ என்ற மலைப்பகுதி வழக்கில் தீர்ப்பு அர்ஜென்டினாவுக்குச் சாதகமாயிற்று. இம்முறை தோற்றது சிலி; அது தோல்வியை ஏற்றுக்கொண்டது. சிலி 1970களில் தன் எல்லைகளில் புதைத்த கண்ணிவெடிகளை முற்றிலும் அகற்றி முடித்ததோ 2020இல்தான். புதைத்தவற்றைத் தோண்டியெடுக்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்கிட்டுப்பாருங்கள்.

சிலியின் ஒசோர்னோ நகரிலிருந்து அர்ஜென்டினாவின் வில்லா லா அங்கோஸ்துரா ஊருக்குப் போகிற மலைப்பாதையில், எல்லையைக் கடக்கும் இடத்துக்குக் கர்தினால் அந்தோனியோ சமொரே கணவாய் என்று பெயர். பனிக்காலத்தில் சில வேளைகளில் அடைத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் லாரிகளும், விடுமுறைக்கு ஏரிக்கரைகளைத் தேடிப் போகிற குடும்பங்களும், இரு பக்கமும் சாவடியில் தாள்களைக் காட்டிவிட்டு அதன் வழியாகப் போய்வருகிறார்கள்.